பிழை எதுவும் காணப்படவில்லை

பெட்டி பிரித்த ஒன்பதாம் நாள்
முதல் தடவை உறைந்தது.
சுட்டி அசையவில்லை. மூலை மணிக்கூடு
4.17 இல் நின்றது.
கமக்காரர் அமைப்பின் உரமானியப் பட்டியல்,
நூற்றுப் பன்னிரண்டு பெயர்.
சேமித்தது அறுபது.

பிறகு தானே அணைந்து தானே எழும்பப் பழகியது.
தேத்தண்ணி வைக்கப் போன இடைவெளியில்
மூன்று தரம்.
அடுத்த இரண்டு நாள் ஒரு குறையுமில்லை.
திருத்த வந்தவன் முன்னால்
கோயில் மாடு மாதிரிச் சாந்தம்.

மாங்குளத்திலிருந்து வந்தவன் குகநேசன்.
மூடியைக் கழற்றி மூக்கால் மணந்தான்.
"புதுசுதானே, தூசி கூட இல்லை."
றாம் இரண்டையும் பிடுங்கி
பனியனால் துடைத்து இடம் மாற்றிக் குத்தினான்.
"இரவு முழுக்க மெமறி ரெஸ்ட் ஓடட்டும் அக்கா.
பக்கத்தில இருந்து பாக்காதேங்கோ."

விடிய, நீலத் திரையில்
எட்டுச் சுற்று. பிழை பூச்சியம்.
போனில் சொன்னேன். அவன் சந்தோசப்படவில்லை.
"பிழை காட்டினா நல்லம்.
காட்டாட்டித்தான் கரைச்சல்."

சூடு அளந்தோம், நாற்பத்தொன்று.
விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டான்.
தன் வீட்டுப் பெட்டியின் பவர் சப்ளையைக்
கழற்றி வந்து பூட்டினான்.
அதோடும் ஒருதரம் செத்துப் பிழைத்தது.

மல்லாவிச் சந்தியில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.
செவ்வாய் விடிய 5.40.
புதன் இல்லை.
வியாழன் பின்னேரம் 4.17.
வெள்ளி மழை, இல்லை.
மழை என்று ஏன் எழுதினேனோ தெரியாது.
எழுதிய பிறகுதான் காது கேட்டது:
மழையன்று மோட்டர் சத்தமும் இல்லை.

வேலிக்கு அங்கால் சத்தியரூபனின் கச்சான்.
எத்தனை மணிக்கு இறைப்பீர்கள் என்று
கொப்பியை நீட்டினேன்.
பொலிஸ் முறைப்பாட்டை வாசிப்பதுபோல வாசித்தார்.
"உங்கட பெட்டிக்கும் என்ரை மோட்டருக்கும்
என்ன பகை பிள்ளை?"

குகநேசன் ரெஸ்ரரால் பெட்டியின் தகரத்தைத் தொட்டான்.
சிவப்பாய்ச் சின்ன வெளிச்சம்.
"ஏர்த் இல்லை.
வீட்டுத்திட்டக்காரர் பிளக்கில மூண்டு துளை வச்சிருக்கினம்,
மூண்டாவது வெறும் துளை."

ஐந்தடிச் செப்புக் கம்பி.
பின்வளவில், பனைக்குக் கிட்ட, நிமிர்த்திப் பிடித்து
சுத்தியலை ஓங்கினவன்
ஓங்கியபடியே நின்றான்.
என்னைப் பார்த்தான்.

றங்குப் பெட்டிக்குள் இருந்து அந்தத் தாளை எடுத்து வந்தேன்,
திரும்பி வந்த வருசம் கையில் தந்தது.
சதுர மீற்றர், திகதி, ஒரு வெள்ளைக்காரக் கையெழுத்து.
சோதித்த ஆழம் பதினைந்து சென்ரிமீற்றர்.
கீழே:
ஆபத்தான பொருள் எதுவும் காணப்படவில்லை.
இரண்டு தரம் வாசித்தான்.
"இதுவும் மெமறி ரெஸ்ட்தான் அக்கா."

ஐந்தடியைச் சென்ரிமீற்றராக்கும் கணக்கை
இரண்டு பேரும் வாய்திறக்காமல் செய்தோம்.

கடைசியில் கக்கூசுக் குழி ஓரம்.
எட்டடிக்கு மெசின் தோண்டி,
ஆட்கள் இறங்கி ஏறி,
திரும்ப மூடின மண்.
"ஈரமும் இருக்கு, ஏர்த்துக்குத் திறம்" என்றான்.
ஆனாலும் முதல் நாலு அடியையும்
முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அடித்தான்.
நான் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் நின்றேன்.
சிரிப்பு வந்தது. நகரவில்லை.

கரியும் உப்பும் போட்டு இரண்டு வாளி தண்ணி ஊற்றினோம்.
ஸ்டெபிலைசரும் வேண்டுமாம்,
அது அடுத்த மாதம், மானியக் காசு வந்தால்.

இருபத்துமூன்று நாள்.
கொப்பியில் திகதி மட்டும் எழுதுகிறேன்,
பக்கத்தில் ஒன்றுமில்லை.
சுகமா என்று குகநேசனைக் கேட்டால்
"இன்னும் நிக்கேல்லை" என்கிறான்,
அதற்கு மேல் ஒரு சொல் தரமாட்டான்.

பின்னேரம் வேலிக்கு அங்கால் மோட்டர் இருமி எழும்பும்.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவேன்.
4.17.
4.17.
4.18.
சேமித்துவிட்டு
அடுத்த பெயரைத் தட்டுவேன்.